மணல், சிலேட்டு, டேப்: பள்ளிக்கூடக் கருவி யார் கையில்?

சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த ஆளா நீங்கள்? இல்லை, கோவை இலை பறித்து வந்து தேய்த்து அழித்த சமத்துப் பிள்ளையா? எதுவானாலும் சரி, அந்தச் சிலேட்டு இருந்த ஆரம்பப் பள்ளிக்கு இப்போது டேப் (அதாவது கையடக்கக் கணினி) வந்துவிட்டது. "சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், கெட்டுப் போயிடும்" என்று ஒரு கட்சி. "உலகம் எங்கேயோ போயிடுச்சு, நம்ம பிள்ளை மட்டும் பல்பம் தின்னுட்டு இருக்கணுமா?" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. கருவி எது என்பதை விட, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது. இதற்குச் சாட்சி சொல்லும் பழைய கதை ஒன்று நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது.

எழும்பூரில் ஒரு மணல் பலகை

வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு எழும்பூர் என்றால் ரயில் நிலையம்தான். அந்த நிலையம் இருக்கும் பகுதியில் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் சிறிய கோட்டை ஒன்று இருந்தது. 1789-ல் அங்கே ராணுவ வீரர்களின் ஆண் குழந்தைகளுக்காக ஓர் அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார்.

பெல்லுக்கு ஒரு தலைவலி. ஆசிரியர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம், அரிச்சுவடி வகுப்போ நகரவே இல்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அது அன்றாட வழக்கம். முதலில் மணல், பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கையால் எழுதி எழுதியே எழுத்து மனதில் பதியும். காகிதச் செலவும் கிடையாது, தப்பாக எழுதினால் பயமும் கிடையாது, ஒரு தடவு தடவினால் போச்சு!

பெல் இதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே அவர் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டார். பெரியவர்களால் ஆகாது என்றதை அந்தப் பொடியன் செய்து காட்டினான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறை நமக்கு ஒன்றும் புதிதல்ல, நம் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக எழுதி வெளியிட, "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே இங்கிலாந்து முழுக்கப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் "மெட்ராஸ் காலேஜ்" என்ற பெயரில் ஒரு பள்ளி இருப்பது இவர் விட்டுப்போன பணத்தால்தான்.

இதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டு எடுத்த கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆனால் அதே கணக்கு, அங்கே படித்த பெண் பிள்ளைகள் மிக மிகக் குறைவு என்றும் காட்டியது. பல சாதியினருக்குத் திண்ணையில் ஏறவே அனுமதி இல்லை. மணல் இலவசம்தான், மணலில் விரல் வைக்கும் உரிமைதான் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

குழந்தையின் உயரத்துக்கு இறங்கிய கரும்பலகை

அதற்குப் பிறகு சிலேட்டு வந்தது, நோட்டு வந்தது, பெரிய கரும்பலகை வந்தது. கரும்பலகையோடு சாக்பீஸ் வாத்தியார் கைக்குப் போனது. பிள்ளைகள் பார்த்து எழுதுகிறவர்கள் ஆனார்கள்.

இதைத் திருப்பிப் போட முயன்றது 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் இதற்கு முன்மாதிரி. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறிப்போகலாம் என்றார்கள். சுவரின் அடியில் பிள்ளை உயரத்துக்கே கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள். 2007-08-ல் இது தமிழ்நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் போனது. வேலைப்பளு, அட்டைக் குழப்பம் என்று ஆசிரியர்கள் பக்கம் நியாயமான குறைகளும் எழுந்தன. ஆனாலும் சாக்பீஸ் மறுபடியும் பிள்ளை கைக்கு வந்தது என்பதை மறுக்க முடியாது.

பெட்டி வந்தது, பயன் வந்ததா?

அடுத்து கம்ப்யூட்டர் காலம். 2011 செப்டம்பர் 15 அன்று வேப்பம்பட்டு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு. அடுத்த மாதமே மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்காக "ஆகாஷ்" என்ற மலிவு விலை டேப்பை அறிமுகப்படுத்தியது. பேச்சு பெரிதாக இருந்த அளவுக்கு அது நிலைக்கவில்லை.

ஆரம்பப் பள்ளிக்குப் பாடம் வேண்டுமென்றால் தென் அமெரிக்காவின் பெரு நாட்டைப் பார்க்கலாம். "பிள்ளைக்கொரு லேப்டாப்" என்று அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரமே இல்லை! பெட்டியைக் கொடுத்தார்கள், அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் போட்டுவிட்டுக் கடையைத் திறக்காத கதைதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய அடி கொரோனாவில் விழுந்தது. 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதம்! 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் வீட்டுக்குப் பாடம் கொண்டுவந்தது. ஆனால் டிவியிடம் பிள்ளை கேள்வி கேட்க முடியாது, டிவி பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதச் சொல்லித்தரவும் முடியாது. அந்த இழப்பைச் சரிக்கட்ட 2022 ஜூன் 13 அன்று முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த "எண்ணும் எழுத்தும்" திட்டமும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் பிறந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆட்டமும் பாட்டுமாகப் பாடம் நடத்தும் திட்டம் அது.

அதன் தொடர்ச்சியாக ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப் வழங்க ரூ.101.48 கோடி ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு டேப்புக்குச் சுமார் ரூ.12,700. கூடவே 22,931 திறன்மிகு வகுப்பறைகள். வரவேற்க வேண்டிய செலவுதான். ஆனால் கவனியுங்கள், டேப் ஆசிரியர் கையில். பிள்ளை மறுபடியும் பார்க்கிறவராகவே இருந்துவிடுவாரா?

ஒரே டேப் இருந்தாலும் போதும்

இருக்க வேண்டியதில்லை. பைசா செலவில்லாத கருவிகள் எத்தனையோ இருக்கின்றன. 2002-ல் வந்த டக்ஸ் பெயிண்ட், பிள்ளைகள் படம் வரைவதற்கென்றே செய்த கட்டற்ற மென்பொருள். 2014-ல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியரில் ஐந்து வயதுப் பிள்ளைகூடக் கட்டங்களை அடுக்கிப் பூனையை ஓடவைக்கலாம், அதில் தன் குரலையும் பதியலாம். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அங்குள்ள படங்களை எடுத்து நாமே புதுக்கதை எழுதவும் உரிமை உண்டு. பக்கத்துக் கேரளா 2001-லிருந்தே பள்ளிக் கணினிக் கல்வியைத் தொடங்கி, அதைக் கட்டற்ற மென்பொருளில் வளர்த்தெடுத்திருக்கிறது.

முப்பது பிள்ளைக்கு ஒரு டேப் என்றாலும் வழி இருக்கிறது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து தாளில் கதைக்குப் படம் வரையட்டும். ஆசிரியர் அதைப் படம் எடுத்துக் கொடுத்தால், முறை வைத்து ஆளுக்கொரு பக்கம் குரல் கொடுக்கட்டும். கற்றுக்கொண்ட குழு அடுத்த குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசியில் திறன்மிகு வகுப்பறைத் திரையில் எல்லோரும் பார்க்கட்டும். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஃபிரிஸ்கன் மணலில் செய்ததும் இதுதானே!

2023-ல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட செயலிக்கு "மணற்கேணி" என்று பெயர் வைத்தார்கள். வள்ளுவர் சொன்ன உவமை அது, தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்பார். தோண்டுகிற கை பிள்ளையின் கையாக இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு நீர் ஊறும். ஆசிரியர் தோண்டப் பிள்ளை வேடிக்கை பார்த்தால் ரூ.12,700 கொடுத்து இன்னொரு கரும்பலகை வாங்கியதாகத்தான் கணக்கு முடியும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போனால், டேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் பிள்ளைகள் செய்தது என்ன, அதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றும் கேளுங்கள்.