மடங்கும் மிதிவண்டியும் ஐரோப்பிய இரயிலும்



விரித்தால் வண்டி, மடக்கினால் மூட்டை. அது என்ன?

வகுப்பில் இந்த விடுகதையைப் போட்டால் மாணவர்கள் முதலில் குழந்தையின் தள்ளுவண்டி என்பர். பிறகு சக்கர நாற்காலி என்பர். இரண்டும் பிழையில்லை. ஆனால், நான் எண்ணிய விடை மடங்கும் மிதிவண்டி. ஐரோப்பாவை இரயிலில் சுற்றிப் பார்ப்போர் பலர் இன்று இந்த வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு செல்கின்றனர். ஊர் வந்ததும் இறங்கி, அதை விரித்து, மிதித்துச் சென்றுவிடுகின்றனர். பார்ப்பதற்கு இது ஒரு புதுமை போலத் தோன்றும். உண்மையில் இது நூறாண்டுக்கும் மேலான ஒரு வழக்கின் முடிவு. அந்த வழக்கில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இரயிலில் ஏறும் மிதிவண்டி எது? பயணியின் மூட்டையா, சரக்கா, அல்லது மற்றொரு வாகனமா?

பெயர் மாறினால் விதியும் மாறும் என்பதை இலக்கணம் கற்பிக்கும் நம்மைப் போன்றோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை என்றால் கட்டணம் இல்லை. சரக்கு என்றால் கட்டணம் உண்டு, பதிவும் உண்டு. வாகனம் என்றால் இடமே இல்லை என்றும் கூறிவிடலாம். ஐரோப்பிய இரயில் நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் இம்மூன்று விடைகளையும் கூறியிருக்கின்றன.

மிதிவண்டி இரயிலேறிய காலம்

1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்த, சங்கிலியால் ஓடும் மிதிவண்டியை வெளியிட்டார். மூன்றாண்டுகளில் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்து சேர்ந்தது. 1890களில் மிதிவண்டி மோகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. நகரவாசிகள் வார இறுதியில் இரயிலேறி நாட்டுப்புறம் சென்று, அங்கே வண்டி மிதித்து மகிழ விரும்பினர். பிரிட்டனில் 1878இலும் பிரான்சில் 1890இலும் தோன்றிய மிதிவண்டிப் பயணியர் கழகங்கள், இரயில் நிறுவனங்களோடு பேரம் பேசுவதையும் தம் பணிகளுள் ஒன்றாகக் கொண்டன.

அக்காலத்து இரயில்களில் மூட்டைகளுக்கென்றே தனிப்பெட்டி இருந்தது. எனவே மிதிவண்டியை ஏற்ற இடமில்லை என்று எவரும் கூறவில்லை. ஆனால், அதற்கு விலை கேட்டனர். பிரிட்டனில் பயணத் தொலைவுக்கு ஏற்ப மிதிவண்டிக்கும் கட்டணம் வாங்கினர். எல்லை கடக்கும் பயணங்களில் வண்டியைப் பதிவு மூட்டையாக ஒப்படைக்கும் முறை பிற்காலம் வரை நீடித்தது. அவ்வாறு ஒப்படைத்த வண்டி வேறோர் இரயிலில் ஏறி, உரியவர் ஊர் சேர்ந்து சில நாள் கழித்து வந்து சேர்வதும் உண்டு. வண்டிக்காகக் காத்திருப்பதிலேயே விடுமுறை கரைந்துவிடும்.

வண்டியைச் சிறிதாக்கிவிட்டால் என்ன என்ற எண்ணமும் அக்காலத்திலேயே பிறந்தது. 1878இல் வில்லியம் கிரவுட் என்னும் ஆங்கிலேயர், உயர்ந்த முன்சக்கரம் கொண்ட பழைய வகை மிதிவண்டியின் சக்கரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பையில் வைக்கும் முறையைக் கண்டார். ஆயினும், அது கழற்றி மாட்டும் வண்டியே தவிர மடங்கும் வண்டியன்று.

போர்க்களத்திலிருந்து கடற்கரைக்கு

மடங்கும் மிதிவண்டியை முதலில் பெரிய அளவில் விரும்பியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்; படைத்தளபதிகள். 1890களில் பிரெஞ்சுப் படை அதிகாரியான ஹென்றி ஜெராரும், கிரெனோபிள் அருகே தொழிற்சாலை நடத்திய சார்ல் மொரேலும் இணைந்து, நடுவில் கீல் வைத்த மிதிவண்டியைப் படைக்கு வழங்கினர். பாதை இருக்கும்வரை வீரன் அதில் ஏறிச் செல்வான். பாதை முடிந்ததும் அதை மடக்கி முதுகில் மாட்டிக்கொள்வான். இத்தாலியின் பெர்சாலியேரிப் படையினரும் முதல் உலகப் போரில் மடங்கும் வண்டிகளோடு சென்றனர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் வான்குடைப் படையினருக்காக மடங்கும் வண்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் செய்தது. 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய கனடிய வீரர்கள் சிலர் தோளில் மிதிவண்டியைச் சுமந்து வந்தனர். அதே போரில், 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த சப்பானியப் படை மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்ததை நம் குடும்பத்து மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவை பெரும்பாலும் மடங்காத சாதாரண வண்டிகள். தூக்கிச் செல்ல வேண்டிய இடங்களில் அவற்றை அப்படியே தோளில் தூக்கிச் சென்றனர்.

மகிழுந்தின் நிழலில்

போர் முடிந்ததும் ஐரோப்பா மகிழுந்தின் பக்கம் சாய்ந்தது. 1956ஆம் ஆண்டுச் சூயசு நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தபோதுதான் அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர் மிதிவண்டியைப் பற்றி மீண்டும் சிந்தித்தார். 1962இல் அவர் வெளியிட்ட சிறுசக்கர மிதிவண்டி மடங்காதது. ஆனால் சிறிய சக்கரத்திலும் விரைவாகவும் அலுங்காமலும் செல்லலாம் என்பதை அது மெய்ப்பித்தது. மடங்கும் வண்டிக்குச் சிறிய சக்கரமே உயிர் என்பதால், பின்வந்தோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

1964இல் இத்தாலியில் கிராட்சியெல்லா என்னும் அழகிய மடங்கும் மிதிவண்டி வந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும் இவ்வகை வண்டிகள் வீட்டுக்கு வீடு பரவின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றுள் பல, மகிழுந்தின் பின்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லும் நோக்கில் விற்கப்பட்டவை. மடக்கினால் நீளம் பாதியாகும். ஆனால் எடை குறையாது. இரயில் நிலையப் படிக்கட்டில் அவற்றைத் தூக்கி ஏறுவது பெரும்பாடு.

1981: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

இரயிலுக்கு ஏற்ற வண்டி இலண்டனில் ஒரு படுக்கையறையில் உருவானது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டுத் தோட்டம் அமைக்கும் தொழில் செய்துவந்த ஆண்ட்ரூ ரிச்சி, ஹாரி பிக்கர்டன் என்பவர் அலுமினியத்தில் செய்த மடங்கும் வண்டியைப் பார்த்து, இதனினும் நன்றாகச் செய்யலாமே என்று 1975இல் தொடங்கினார். அவருடைய அறைச் சன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் தேவாலயம் நின்றது. வண்டியும் அப்பெயரையே பெற்றது.

அவருடைய வண்டியில் பின்சக்கரம் முதலில் அடியில் மடிகிறது. பிறகு முன்பாகம் பக்கவாட்டில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. இறுதியில் எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் இடையில் ஒளிந்துகொள்கிறது. பக்கத்தில் நிற்கும் பயணியின் உடையில் கறை படாது. மடங்கிய வண்டி ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் நீளமும் 27 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இருக்கைகளின் இடைவெளியில் அதனை வைத்துவிடலாம்.

பெரிய நிறுவனங்கள் எவையும் இதனை ஏற்கவில்லை. 1981இல் ரிச்சி தாமே சிறு அளவில் செய்து விற்கத் தொடங்கினார். கீலுக்குரிய உறுப்பு கிடைக்காமல் இடையில் அதுவும் நின்றது. 1988இல் இலண்டன் பிரென்ட்ஃபோர்டில் ஓர் இரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இரயிலோடு பயணம் போகவிருந்த வண்டி, இரயிலின் காலடியிலேயே மறுபிறவி எடுத்தது.

அதே 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரான்சின் டி.ஜி.வி. அதிவேக இரயில் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1991இல் செருமனியின் ஐ.சி.இ. வந்தது. 1994இல் கால்வாய்ச் சுரங்கத்தின் வழியே யூரோஸ்டார் வந்தது. விரைவு கூடியது; இரயில் மெலிந்தது. பழைய மூட்டைப் பெட்டி மறைந்தது. அதனோடு சாதாரண மிதிவண்டியின் இடமும் மறைந்தது. நீண்ட காலம் பெரும்பாலான அதிவேக இரயில்களில் முழு மிதிவண்டியோடு ஏற இயலவில்லை. எளிய உள்ளூர் இரயில்களில் மாறி மாறிச் செல்வதே வழியாயிற்று.

மடங்கிய வண்டியை மட்டும் எவராலும் மறுக்க முடியவில்லை. பையில் இட்ட அந்தப் பொருள் பயணியின் கைமூட்டை. விதிப்புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இல்லை. நெதர்லாந்து இரயில்களில் இன்றும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். முழு மிதிவண்டிக்குத் தனிப் பயணச்சீட்டு வேண்டும். வேலைநாள்களின் நெரிசல் நேரத்தில் பொதுவாக அதற்கு இடமில்லை. மடங்கிய வண்டிக்கோ எந்நேரமும் கட்டணமில்லை.

நிலையங்களுக்கு இடையே

இவ்வண்டியின் அருமையை அறியப் பாரிசு நகரமே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறுவனம் தண்டவாளம் அமைத்து, நகரின் ஓரத்தில் தனக்கென ஒரு நிலையம் கட்டிக்கொண்டது. இலண்டனிலோ 1846ஆம் ஆண்டில் ஓர் அரச ஆணையம் நகரின் நடுப்பகுதிக்குள் இரயில் நுழைவதை எதிர்த்துப் பரிந்துரைத்தது. அதன் விளைவை இன்றைய பயணியும் சுமக்கிறார். இலண்டனிலிருந்து பாரிசு வடக்கு நிலையத்தில் வந்து இறங்குபவர், தெற்கே செல்வதற்கு லியோன் நிலையத்தையோ மோன்பர்னாசு நிலையத்தையோ தேடிச் செல்ல வேண்டும். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவு. சுரங்க இரயில் உண்டு. படிக்கட்டுகளும் கூட்டமும் உடன் உண்டு. மடங்கும் வண்டி உடையவர் அரை மணி நேரத்திற்குள் தெருக்களைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்துவிடுவார்.

நகருக்கு வெளியே இதன் பயன் இன்னும் பெரிது. செருமனியில் பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு ரைன் ஆறும் இரயில் பாதையும் மிதிவண்டித் தடமும் பக்கத்தில் பக்கத்தில் செல்கின்றன. பாகராக், ஓபர்வெசல், போப்பார்டு என்று சிறு சிறு நிலையங்கள் வரிசையாக வருகின்றன. கால் ஓய்ந்தாலோ மழை பிடித்தாலோ அடுத்த நிலையத்தில் வண்டியை மடக்கிவிடலாம். திரும்பவும் தொடங்கிய இடத்திற்கே மிதித்து வர வேண்டிய கட்டாயமில்லை.

இரயில் விட்டுச்சென்ற பாதைகளும் மிதிவண்டிக்கு வந்துள்ளன. செருமனியின் ஆகன் நகரிலிருந்து பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க் வரை சென்ற வென்பான் என்னும் பழைய இருப்புப்பாதை, 2013 முதல் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீள மிதிவண்டித் தடமாகத் திகழ்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின் வழி இப்பாதை பெல்ஜியத்திற்குப் போனதால், செருமானிய நிலத்துண்டுகள் சில தனித்தீவுகளாக நின்றுவிட்டன. அவை இன்றும் அப்படியே உள்ளன. இப்போது எல்லைக் காவலர் எவரும் தடுக்காமல் அவற்றின் ஓரமாகவே மிதித்துச் செல்லலாம்.

யார் மடங்க வேண்டும்?

இத்துணைப் பெருமையும் கூறிய பின் ஒன்றை மறைக்கக் கூடாது. நல்ல மடங்கும் மிதிவண்டியின் விலை அதிகம். பதினொரு, பன்னிரண்டு கிலோவைத் தூக்கிப் படியேற எல்லாராலும் முடியாது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தாயின் வண்டி மடங்காது. கால் இயங்காதவர் கையால் சுழற்றி ஓட்டும் வண்டியும் எளிதில் கைமூட்டை ஆகிவிடாது. அறிவும் வசதியும் உடையவர் தமக்கொரு வழி கண்டுகொண்டார். மற்றவர் நடைமேடையிலேயே நின்றுவிட்டனர்.

இதனைத் தீர்ப்பது கீல் அன்று, சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் இரயில் பயணியர் உரிமைகள் பற்றி 2007இல் இயற்றிய ஒழுங்குமுறை 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டியை ஏற்ற வேண்டும் என்று அது கூறியது. ஆனால், வண்டிப் பெட்டியின் அமைப்பு இடம் கொடுத்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. இடமே வைக்காமல் பெட்டி கட்டுபவருக்கு அது போதுமான சாக்கு. 2021இல் வந்த புதிய ஒழுங்குமுறை அச்சாக்கைக் குறைத்தது. 2025 ஜூன் முதல், புதிதாக வாங்கப்படும் அல்லது பெரிதாகப் புதுப்பிக்கப்படும் இரயில்களில் போதிய மிதிவண்டி இடங்கள் வேண்டும். வேறு திட்டம் வகுக்கப்படாத இடத்தில் ஓர் இரயிலுக்குக் குறைந்தது 4 இடங்கள் வேண்டும். செருமனியின் ஐ.சி.இ. 4 வகை இரயில்கள் 2017 முதலே 8 மிதிவண்டிகளுக்கு இடம் வைத்து ஓடுகின்றன. விரைவும் மிதிவண்டியும் ஒன்றுசேரா என்று கூறப்பட்ட காரணம் அதனால் வலுவிழந்தது.

வெள்ளத்தில் வளைந்து பிழைக்கும் நாணலை நாம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். மடங்கும் மிதிவண்டியும் ஒரு நாணல்தான். இரயில் இறுகிய காலத்தில் அது வளைந்து கொடுத்துத் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. அதனை உருவாக்கியோரின் பொறுமைக்கும் திறமைக்கும் நாம் தலைவணங்கலாம். ஆயினும், வளைய முடியாத மரங்களும் அதே கரையில்தான் நிற்கின்றன. ஓர் இரயிலுக்கு நான்கு இடங்கள் என்பது சிறிய எண்தான். ஆனால், மிதிவண்டி எது என்ற அந்தப் பழைய கேள்விக்கு, மூட்டையும் அன்று, சரக்கும் அன்று, அது பயணியின் உரிமை என்று முதன்முறையாக அந்த எண் விடை கூறுகிறது.