அறிவை அளக்கும் கோல்

ஒரு குழந்தையின் அறிவை எண்ணால் அளக்கலாகுமா? அளக்கலாகும் எனின், அவ்வெண் ஒன்றையே கொண்டு அக்குழந்தையை மீத்திறன் மாணவர்க்குரிய தனிக் கல்விக்குப் பரிந்துரைப்பதா, விலக்குவதா என்று முடிவு செய்யலாகுமா? இவ்வினாக்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

வகுப்பிலே பின்தங்கும் குழந்தைகளை இனங்கண்டு, அவர்களுக்குத் தக்க கல்வி அளிக்க வழி காணும்பொருட்டுப் பிரெஞ்சு அரசாங்கம் 1904ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அதில் அங்கம் வகித்த உளநூல் அறிஞர் ஆல்பிரெட் பினே, மருத்துவர் தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஓர் அறிவுச் சோதனையை வெளியிட்டார். அறிவு என்பது பிறப்பிலே வரையறுக்கப்பட்டு மாறாது நிற்பது என்னும் கூற்றை அவர் மறுத்தார். ஆகவே, இந்த அளவுகோல் பிறந்தது குழந்தைக்கு உதவுதற்கே, ஒதுக்குதற்கன்று.

அமெரிக்காவில் அக்கோல் வேறு பணிக்குப் பயன்பட்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் 1916இல் அதனைத் திருத்தியமைத்தார். 1921இல் கலிபோர்னியாவிலே மீத்திறன் வாய்ந்த சிறுவர் சிறுமியரைத் தேடத் தொடங்கினார். வகுப்பில் அறிவிற் சிறந்தவர் இன்னார் என்று ஆசிரியர்கள் பெயர் குறித்தனர். பெரும்பாலும் அவ்வாறு குறிக்கப்பட்டவரே சோதிக்கப்பட்டனர். நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 140ஐ எட்டிய சுமார் 1,500 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் பேராசிரியராகவும் மருத்துவராகவும் விளங்கினர். ஆயினும் நோபல் பரிசு பெற்றவர் ஒருவரும் இலர். சோதிக்கப்பட்டும் எல்லையை எட்டாமையால் விலக்கப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956இலும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்!

அங்ஙனமாயின், சோதனையே வீண் என்று தள்ளிவிடலாமா? அதுவும் பொருந்தாது. புளோரிடா மாநிலத்துப் புரோவார்டு மாவட்டத்தில், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளே மீத்திறன் வகுப்புக்குச் சோதிக்கப்பட்டு வந்தனர். 2005இல் அம்முறை மாறியது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் முதற்சோதனை நடத்தப்பட்டது. தகுதி எல்லை தாழ்த்தப்படவில்லை. ஆயினும், அதுகாறும் எவர் கண்ணிலும் படாதிருந்த ஏழைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் முன்னினும் மிகுதியாகத் தகுதி பெற்றனர். பொருளியல் அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வுரை இதனை விளக்குகிறது. செலவைக் குறைக்கும்பொருட்டு அம்முறை பின்னர் நிறுத்தப்பட்டபோது, பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பி வந்தது.

கலிபோர்னியாவிலே சோதனை சிலரைத் தவறவிட்டது. புளோரிடாவிலே மனிதர் கண் தவறவிட்ட பலரைச் சோதனை காட்டித் தந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கின் நெறி தெளிவாகும். எல்லாக் குழந்தைகளையும் சோதித்தல் வேண்டும். உயர்ந்த எண் பெற்ற குழந்தையைத் தயங்காது பரிந்துரைத்தல் வேண்டும். எண் குறைந்த குழந்தையையோ உடனே விலக்கிவிடாது, அதன் ஆர்வத்தையும் ஆக்கத்தையும் கண்டு, மற்றுமொரு முறை ஆராய்தல் வேண்டும். கதவைத் திறப்பதற்கு ஓர் எண் போதும். அடைப்பதற்கு அது போதாது.