எட்டாம் எண் மஞ்சள் சட்டை

ஆனி, ஆடி மாதங்களில் குத்தாலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டைகள் ஏலத்துக்கு அடுக்கிக் கிடக்கும். மூட்டை இறக்கும் இளைஞர்களில் யாராவது ஒருவர் சென்னை ஐபிஎல் அணியின் மஞ்சள் ஜெர்சி போட்டிருப்பார். முதுகில் பெரும்பாலும் தோனியின் 7, எப்போதாவது ஜடேஜாவின் 8. ஊரெல்லாம் பருத்தி மணக்கும் அந்த நாளில், அவர் உடம்பில் இருக்கும் சட்டையில் ஓர் இழைகூடப் பருத்தி கிடையாது.

அந்தச் சட்டை பிறப்பது கச்சா எண்ணெயில். எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்கள் பாலியெஸ்டர் சில்லுகளாகின்றன. சில்லுகளை உருக்கி நுண்துளைகள் வழியே இழுத்தால் நூல். இந்தியாவில் அந்த நூலில் பெரும்பகுதி குஜராத், சில்வாசா பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிறது. காலி தண்ணீர் பாட்டில்களை உருக்கியும் இதே நூலை எடுக்கலாம். 2015 உலகக் கோப்பையில் இந்திய அணி உடுத்தியது அப்படிச் செய்த சட்டைதான். பின்னிய துணிக்குச் சுமார் 130 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் சாயம் ஏற்றுவார்கள். பருத்திக்குப் போடும் சாயம் இதில் பிடிக்காது. வியர்வையை உறிஞ்சாமல் வெளியே தள்ளும் என்பதால் விளையாட்டுக்காரர்களுக்கு ஏற்ற துணி. மயிலாடுதுறைப் பக்கத்துச் சித்திரைப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் துணியும் இதுவே.

அசல் ஜெர்சிக்கு ஒரு விலை, நடைபாதை ஜெர்சிக்கு ஒரு விலை. ஆட்ட நாளில் சேப்பாக்கம் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்பார்கள். அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ இரவோடு இரவாக ஊர் வந்து சேரும். நடைபாதைச் சட்டையில் எண் வெறும் ஸ்டிக்கர். நாலு சலவையில் ஓரம் கிளம்பும், எட்டு சலவையில் வெடிப்பு விழும். மஞ்சள் மட்டும் லேசில் வெளுக்காது.

காவிரி டெல்டாவுக்கும் ஐபிஎல்லுக்கும் காலக்கணக்கிலேயே ஒரு பொருத்தம் உண்டு. சம்பா அறுவடை தையோடும் மாசியோடும் முடிந்துவிடும். அதே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் கைக்கு வரும். பிறகு மேட்டூர் அணை திறக்கும்வரை பம்புசெட் இல்லாதவருக்கு மாலைப்பொழுது ஓய்வுதான். 2008 முதல் அந்த ஓய்வுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது மஞ்சள் சட்டை.

8 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர் அதற்குள் வந்தது 2012இல். அந்த ஆண்டு ஏலத்தில் ரவீந்திர ஜடேஜாவைச் சென்னை அணி 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. சூதாட்ட வழக்கில் லோதா குழு இரண்டாண்டுத் தடை விதித்ததால் 2016, 2017 ஆண்டுகளில் மஞ்சள் சட்டைக்கு மைதானமே இல்லை. 2018இல் திரும்பி வந்தது. திரும்பி வந்த வேளை எப்படிப்பட்டது என்பதைக் காவிரிக் கரையில் இருப்பவர்கள் மறந்திருக்க முடியாது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் காவிரிப் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. தீர்ப்பை நிறைவேற்ற மத்திய அரசுக்குக் கொடுத்த ஆறு வாரமும் மார்ச் இறுதியில் முடிந்துபோனது. அதற்கான காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை. ஊர் தண்ணீருக்குத் தவிக்கும்போது கேளிக்கையா என்ற கேள்வி எழுந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். அண்ணா சாலை போராட்டத்தில் நிறைந்தது. மஞ்சள் சட்டையோடு வந்த ரசிகர்கள் சிலர் வழியிலேயே தாக்கப்பட்டார்கள். உள்ளே எட்டாவது ஓவரில் எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜாவின் பக்கத்தில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அன்று ஆடும் பதினொருவரில் இல்லாத டு பிளெஸியும் எங்கிடியும் அதை எடுத்து அப்புறப்படுத்தினார்கள்.

குத்தாலத்துக்காரர் அன்று இரண்டு பக்கமும் இருந்தார். அந்தக் கோபம் அவர் வயலின் கோபம். அந்தச் சட்டை அவர் வீட்டுப் பையனின் சட்டை. வாரியம் அமைக்கச் சொல்லிக் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் காவிரியைத் தர மறுத்தவர் ஜடேஜா அல்ல. கோபம் சரியாக இருந்தது, போய்ச் சேர்ந்த விலாசம் தவறாக இருந்தது. சொந்த அணியைப் பார்த்து ஊளையிடலாமா, திட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தை முடித்து வைத்தவரும் ஜடேஜாதான். 203 ஓட்டம் தேவை. ஒரு பந்து மிச்சம் வைத்து, சிக்ஸரில் முடித்தார். உடனடியாக மிச்ச உள்ளூர் ஆட்டங்கள் புணேவுக்கு மாறின. ஏப்ரல் 19 அன்று சென்னையிலிருந்து 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு தனி ரயில், சுமார் ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒரு ரயில் முழுக்க மஞ்சள் சட்டை மகாராஷ்டிரம் போனது. அந்த ஆண்டுக் கோப்பையும் சென்னைக்கு வந்தது. ஜூன் முதல் தேதி காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான அரசாணை வெளியானது. மேட்டூர் திறந்தது ஜூலை 19இல்.

எட்டாம் எண்ணுக்கு அடுத்த அடி வெளியிலிருந்து வரவில்லை, சொந்த ரசிகர்களிடமிருந்து வந்தது. 2022இல் ஜடேஜாவைக் கேப்டனாக்கினார்கள். எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2023இல் தோனி ஆடும் கடைசி ஆண்டு இதுதான் என்ற பேச்சு எங்கும் இருந்தது. அவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அவருக்கு முன்னால் இறங்கும் ஜடேஜா அவுட்டானால் அரங்கம் அதிர்ந்தது. நம் அணிக்கு விக்கெட் போகிறது, நம் கூட்டம் கொண்டாடுகிறது.

குத்தாலம் கடைத்தெருவில் டீக்கடை டிவியிலும் அதே கொண்டாட்டத்தைப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் கேட்டார்: "நம்ம ஆளு அவுட்டானதுக்கு ஏன் தம்பி கைதட்டுறீங்க?" மஞ்சள் சட்டை போட்ட பையன் டிவியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னான்: "தல வரணும்ல மாமா." அவன் கெட்ட பையன் அல்ல. யாரையும் புண்படுத்துகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஆடுகளத்திலிருந்து திரும்பி நடப்பவனுக்கு அந்தக் கைதட்டல் வசவைவிட மோசமாகத்தான் கேட்டிருக்கும். நான் மேலே இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்ற பொருளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இனிக்கவில்லை.

அந்த ஆண்டு இறுதியாட்டம் அகமதாபாத்தில் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், நள்ளிரவு தாண்டி மே 30இல் முடிந்தது. தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் தேவை. மோஹித் சர்மா வீசினார். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு நடைபாதைக் கயிற்றில் 7க்குப் பக்கத்தில் 8ஐயும் அதிகம் பார்க்க முடிந்தது.

மறு ஆண்டு மும்பையில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்தது. ரோஹித் சர்மாவின் இடத்தில் ஹர்திக் பாண்டியாவைக் கேப்டனாக்கிய கோபத்தில், 2024 ஏப்ரல் 1 அன்று டாஸ் போட வந்தவரைப் பார்த்து வான்கடே மைதானம் ஊளையிட்டது. பண்போடு நடந்துகொள்ளுங்கள் என்று சஞ்சய் மஞ்ச்ரேக்கர் மைக்கிலேயே சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்துங்கள் என்று ரோஹித்தே கையசைத்தார். மும்பை 14 ஆட்டத்தில் 4 வென்று கடைசி இடத்தில் முடித்தது. மூன்று மாதத்துக்குள், ஜூன் 29இல், பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை 16 ஓட்டத்துக்குள் காத்துக் கொடுத்தவர் அதே பாண்டியா. ஜூலை 4 அன்று அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

2025இல் சென்னைக்கு வந்தது சோதனை. பெங்களூரிடம் சேப்பாக்கத்தில் 2008க்குப் பிறகு முதல் தோல்வி. ஏப்ரல் 11இல் கொல்கத்தாவுக்கு எதிராக வெறும் 103. தொடர்ச்சியாக ஐந்து தோல்வி. 14 ஆட்டத்தில் 4 வெற்றி. அணியின் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம். மும்பையின் 2024 கணக்கும் அதே நாலு வெற்றிதான். வான்கடேயில் நடந்ததுபோல ஒருவரைக் குறிவைத்து விடாமல் ஊளையிடும் கூட்டமாகச் சேப்பாக்கம் மாறவில்லை. ஊளையிட்ட ஊரும் ஊளையிடாத ஊரும் ஒரே எண்ணிக்கையில்தான் வென்றன. ஊளைக்கு ஓட்டம் எடுக்கும் சக்தி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காசு கொடுத்தவனுக்குக் கோபப்பட உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. குத்தாலத்திலிருந்து சென்னை போய் ஓர் ஆட்டம் பார்ப்பவனுக்கு டிக்கெட், பயணம், சாப்பாடு, மறுநாள் கூலி என்று எவ்வளவோ போகிறது. ஏலத்தில் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், எந்த வரிசையில் இறக்கினார்கள் என்று கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கேள்வி நிர்வாகத்தைப் போய்ச் சேர வேண்டும். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடினால், சூதாடினால், தாராளமாக ஊளையிடட்டும்; அது விளையாட்டுக்குச் செய்த துரோகம். முயன்று தோற்பவனுக்கு அந்தத் தண்டனை கூடாது. பந்து மட்டையில் படாமல் தவிப்பவனுக்குத் தான் தவிப்பது தெரியும். பல்லாயிரம் பேர் சேர்ந்து தெரிவிக்க வேண்டிய செய்தி அல்ல அது.

கட்டுப்பாடு இழந்தால் எங்கே போய் முடியும் என்பதை 1996 மார்ச் 13 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் காட்டியது. இலங்கைக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 120க்கு 8 விக்கெட் இழந்ததும் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. ஆட்டத்தை மேட்ச் ரெஃபரி கிளைவ் லாய்ட் இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். ஆடி முடிக்கும் வாய்ப்பைக்கூட சொந்தக் கூட்டமே பறித்தது. மூன்று ஆண்டு கழித்து, 1999 ஜனவரி 31இல், சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றது. சச்சினின் 136 வீணானது. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது தமிழ்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிக்கே எழுந்து நின்ற ஊர் இது. சொந்த ஆள் அவுட்டானதற்கு அங்கே கைதட்டல் கேட்டது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்தார்கள். கடைகளில் மஞ்சள் 8க்கு இனி வேலையில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடவும் இல்லை. பாலியெஸ்டர் லேசில் கிழியாது. உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடும் நாளில், கிளறிவிடும் ஆளின் முதுகில் அந்தச் சட்டை வேலைச்சட்டையாகிவிட்டது. கழுத்துப் பட்டையில் நூல் பிரிந்திருக்கும், எண்ணின் பாதி உரிந்து 3 போலத் தெரியும்.

தம்பிகளே, அடுத்த பங்குனியில் மறுபடியும் மஞ்சள் சட்டை போட்டு உட்காருவீர்கள். அணி தோற்கும் ஆண்டும் வரும். நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்கள், பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து போங்கள், விசில் ஊத மனமில்லையென்றால் வாயை மூடி உட்காருங்கள். நம் சட்டை போட்டவன் தலை குனிந்து திரும்பும்போது மட்டும் ஊளையிடாதீர்கள், கைதட்டாதீர்கள்.