சித்திரப் பலகை: வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவிகளின் துணைச் சாதனம்

சித்திரப் பலகை என்பது, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுக் கருவிக்கு, அதன் இயல்பான கைப்பிடிக்கும் பொத்தான்களுக்கும் பதிலாகவோ துணையாகவோ பொருத்தப்பெற்று, தன்மீது எழுதுகோலோ விரலோ செல்லும் வழியை அறிந்து, அவ்வழியைத் திரையில் கோடாகவும் வண்ணமாகவும் தோற்றுவிக்கும் சாதனமாகும். 1980-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வீடுகளுக்குள் புகுந்த இச்சாதனம் விற்பனையில் பெருஞ்சிறப்பு எய்தியதில்லை. ஒரு பலகைக்கென்று வெளிவந்த மென்பொருள்கள் ஒன்றிரண்டைத் தாண்டியதும் அரிது. ஆயினும், பிறர் சமைத்து வைத்த சித்திரத்துக்குள் ஓடியாடுவதற்கென்றே பிறந்த ஒரு யந்திரத்தைக் கொண்டு, குழந்தை தானே ஒரு சித்திரத்தைச் சிருஷ்டிக்கலாம் என்ற எண்ணத்தை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்த பெருமை இதற்கு உரியது. இதன் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும்: கோட்டை வரையும் கோலைச் செய்வது அவ்வளவு பிரயாசையாக இருக்கவில்லை, வரைந்த கோட்டை வைத்துக்கொள்ள யந்திரத்துக்குள் இடம் தேடுவதே பெரும் பிரயாசையாக இருந்தது.

முன்னோடிகள்

கையின் அசைவை மின்சாரக் குறிகளாக மாற்றும் முயற்சி கணிப்பொறிக்கு மிகவும் முந்தியது. எலிஷா கிரே என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஓரிடத்தில் எழுதும் எழுத்தைக் கம்பி வழியே தொலைவிடத்தில் அப்படியே எழுதிக்காட்டும் டெலாட்டோகிராஃப் என்னும் யந்திரத்துக்கு 1888-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். தொலைக்காட்சித் திரையில் குழந்தைகளை வரையச் செய்த முதல் முயற்சியிலோ மின்சாரத்துக்கு இடமே இல்லை. 1953-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிலையம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘விங்கி டிங்க் அண்ட் யூ’ என்ற நிகழ்ச்சிக்காக, 50 சென்ட் விலையில் ஒரு மெல்லிய ஒளிபுகும் தாளும் மெழுகு வண்ணக் குச்சிகளும் விற்கப்பட்டன. அத்தாளைத் திரைமேல் ஒட்டிவைத்து, கதாநாயகன் ஆற்றைக் கடக்க வேண்டிய இடத்தில் குழந்தைகள் பாலம் வரைந்து கொடுத்தார்கள். தாள் வாங்காத வீடுகளில் பிள்ளைகள் கண்ணாடித் திரையின் மீதே கிறுக்கிவிட்டார்கள் என்பதும், அதனால் பெற்றோர் முறையிட்டார்கள் என்பதும் அந்நிகழ்ச்சியின் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. திரையைக் கண்டால் அதில் தானும் ஏதேனும் எழுத வேண்டும் என்ற ஆவல் எவ்வளவு இயல்பானது என்பதற்கு அதுவே தக்க சாட்சி.

ஆராய்ச்சிக் கூடங்களில் இருவேறு பாதைகள் பிறந்தன. 1963-இல் ஐவன் சதர்லாண்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டி.எக்ஸ்-2 கணிப்பொறியில், திரையின் மீதே ஒளிப்பேனாவை வைத்து வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ முறையை நிலைநாட்டினார். அடுத்த ஆண்டில் ராண்ட் நிறுவனத்தார், திரையை விட்டு விலகி, மேசைமேல் கிடக்கும் ஒரு தனிப் பலகையில் எழுதும் ராண்ட் டேப்லெட்டை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 10 அங்குலச் சதுரமான அதன் எழுதுபரப்பில், அங்குலத்துக்கு 100 கோடுகள் வீதம் நுண்ணிய செப்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் பதிக்கப்பட்டிருந்தமையால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அது தனித்தனியே பிரித்தறிந்தது. பின்னர் வீடுகளுக்கு வந்த சாதனங்கள் எல்லாம் இவ்விரு பாதைகளுள் ஒன்றைப் பின்பற்றியவையே.

ஒளிப்பேனா: வெக்ட்ரெக்ஸ்

முதற்பாதையின் சிறந்த வாரிசு, 1982-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனரல் கன்ஸ்யூமர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட வெக்ட்ரெக்ஸ் ஆகும். தனக்கெனத் திரையையும் உடன்கொண்டு பிறந்த இக்கருவி, சாதாரணத் தொலைக்காட்சியைப்போல் திரை முழுவதையும் வரிவரியாகத் துலக்காமல், மின்னணுக் கற்றையை நேரே ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செலுத்திக் கோடிழுக்கும் தன்மையது. இதற்கெனச் செய்யப்பட்ட ஒளிப்பேனாவின் நுனியில் ஒளியை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. எந்தக் கோட்டை இழுக்கும் கணத்தில் அது ஒளியைக் கண்டதோ, அதைக்கொண்டு பேனாவின் இடத்தை நிரல் அறிந்துகொள்ளும். ‘ஆர்ட் மாஸ்டர்’, ‘மெலடி மாஸ்டர்’, ‘அனிம்ஆக்ஷன்’ ஆகிய மூன்று மென்பொருள்கள் இதற்கென வந்தன. ஆனால், ஒளிப்பேனாவுக்கு இயல்பாகவே இரு குறைகள் உண்டு: ஒளியற்ற இடத்தில் அது குருடாகிவிடும், கையை உயர்த்தியபடியே வரைய வேண்டியிருப்பதால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். வெக்ட்ரெக்ஸின் உற்பத்தியும் 1984-இல் நின்றுபோயிற்று. அதன்பின் மேசைப் பலகையே மேலோங்கியது.

கோலா பலகை

வீட்டுக்கு ஏற்ற விலையில் வந்த பலகைகளுள் புகழ்பெற்றது, கலிஃபோர்னியாவின் கோலா டெக்னாலஜீஸ் நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய கோலா பேட். ஆப்பிள் II, அட்டாரி, கொமடோர் 64 முதலிய வீட்டுக் கணிப்பொறிகளுக்கென இது செய்யப்பட்டதேயாயினும், விளையாட்டுக் கருவிகளின் பலகைகளைப் புரிந்துகொள்ள இதை அறிவது அவசியம். ஏனெனில், இது புகுந்த வாசலே விளையாட்டுக் கைப்பிடிகளுக்கென அமைந்த வாசல். அக்காலக் கணிப்பொறிகளில், திருகிச் சுழற்றும் இரண்டு குமிழ்களை மாட்டுவதற்கு ஓர் இணைப்பு முகம் இருந்தது. குமிழ் திரும்பத் திரும்ப மின்தடை கூடிக்குறையும். அந்தத் தடையின் வழியே ஒரு மின்தேக்கி நிறைய எடுக்கும் காலத்தை எண்ணி, குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று யந்திரம் கணக்கிடும். ஏறத்தாழ 4 அங்குலச் சதுரமான தன் பரப்பில் எங்கே அழுத்தம் விழுந்தது என்பதை, குறுக்கு நெடுக்காக இரு அளவுகளாக்கி, இரு குமிழ்களின் குரலில் கோலா பலகை சொல்லியது. யந்திரமோ, யாரோ குமிழ்களைத் திருகுகிறார்கள் என்றே எண்ணியது. இருக்கின்ற வாசல் வழியே, இருக்கின்ற கருவியின் வேடத்தில் நுழையும் இந்த உபாயமே மலிவின் ரகசியம்.

இதனுடன் வந்த ‘கோலா பெயின்டர்’ நிரல், கொமடோர் 64-இல் ஒரு சித்திரத்தை எழுதிவைக்கும் முறையைச் சற்று அருகிருந்து காண்பது பயனுடையது. அச்சித்திரம் அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 200 புள்ளிகளும் கொண்டது. திரை 1,000 சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் முழுமைக்கும் பொதுவான பின்னணி நிறம் ஒன்றும், தனக்கே உரிய நிறங்கள் மூன்றும் அனுமதிக்கப்பட்டன. புள்ளிகளுக்கு 8,000 பைட், நிறங்களுக்கு 2,000 பைட், பின்னணிக்கு ஒன்று, நினைவகத்தில் ஏற்ற வேண்டிய இடத்தின் முகவரிக்கு இரண்டு என ஒரு சித்திரம் மொத்தம் 10,003 பைட் ஆகும். கொமடோரின் நெகிழ்வட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் இத்தகைய சித்திரங்கள் 16 அடங்கும். அதாவது, கணிப்பொறி வைத்திருந்த பிள்ளைக்குச் சித்திரங்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம் இருந்தது. விளையாட்டுக் கருவி வைத்திருந்த பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அட்டாரி நிறுவனம் 1984-இல் தன் வீட்டுக் கணிப்பொறிகளுக்கென, ‘அட்டாரி ஆர்ட்டிஸ்ட்’ கார்ட்ரிட்ஜுடன் (கருவியில் செருகும் நிரற்பெட்டி) தன் சொந்தத் தொடுபலகையை வெளியிட்டது. 1987-இல் அந்நிறுவனம் அதே கணிப்பொறி வரிசையை எக்ஸ்.இ. கேம் சிஸ்டம் என்ற பெயரில் விளையாட்டுக் கருவியாக மாற்றி விற்றபோது, அப்பலகைக்கு விளையாட்டுக் கருவியின் துணைச்சாதனம் என்னும் இரண்டாம் வாழ்வு கிடைத்தது.

சேகாவின் முயற்சிகள்

ஜப்பானில் சேகா நிறுவனம், 1983-இல் வெளிவந்த தன் எஸ்.ஜி-1000 கருவிக்கு, 1985-இல் ‘தெரெபி ஒயேகாகி’ என்ற தொகுப்பை விற்றது. கைப்பிடி வாசலை நாடாமல், பலகையைக் கார்ட்ரிட்ஜுடனேயே கம்பியால் நிரந்தரமாகப் பிணைத்துவிட்டது இதன் விசேஷம். பின்னர் அந்நிறுவனத்தின் மாஸ்டர் சிஸ்டம் கருவிக்கெனத் திட்டமிடப்பட்ட ‘சேகா கிராஃபிக் போர்டு’ கடைகளுக்கு வராமலே கைவிடப்பட்டது. அதன் முன்மாதிரி நிரல் மட்டுமே எஞ்சி, இன்று ஆர்வலர்களால் பாதுகாக்கப்படுகிறது.

பண்டாயின் பலகை

நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு 1990-இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட ‘ஒயேகா கிட்ஸ்’ பலகை, இவ்வகைச் சாதனங்களுள் நுண்மதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1973-இல் தகாஷி யனாசேயின் படப்புத்தகமாகத் தோன்றி, 1988 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த அன்பன்மன் என்னும் பாத்திரத்தை முன்னிறுத்தி, ஹிராகானா எழுத்துக்களைப் பயிற்றுவிப்பது ஒன்றும் சித்திரம் வரைவிப்பது ஒன்றுமாக இரண்டே கார்ட்ரிட்ஜுகள் இதற்கு வந்தன. கருவியின் முன்புறமுள்ள விரிவாக்க இணைப்பில் பலகையை மாட்டினால், குறுக்கு நிலைக்கு 8 பிட், நெடுக்கு நிலைக்கு 8 பிட், கோல் பலகையைத் தொடுகிறதா என்பதற்கு ஒன்று, அழுத்தப்படுகிறதா என்பதற்கு ஒன்று என 18 பிட் செய்தியை அது ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். தொடுதலையும் அழுத்தத்தையும் வேறு வேறாக அறிந்தமையால், வரையாமலே கோலை நகர்த்திக் குறியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்லக் குழந்தையால் முடிந்தது.

ஆனால் மெய்யான சிக்கல் கருவியின் உள்ளே இருந்தது. ஃபாமிகாம், அச்சுக்கோப்பவர் எழுத்துப் பெட்டியிலிருந்து வேண்டிய எழுத்தை எடுத்து வரிசையாக அடுக்குவதுபோல், 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஆயத்தத் துண்டுகளை அடுக்கியே திரைக் காட்சியை அமைப்பது. திரையில் 960 இடங்கள் உண்டு. பின்னணிக்கெனச் சமகாலத்தில் கிடைக்கும் துண்டுகளோ 256 மட்டுமே. ஒரே துண்டைப் பலமுறை பயன்படுத்தும் சாதாரண விளையாட்டுக்கு இது போதும்; குழந்தை எந்த மூலையில் எந்தக் கோட்டை இழுக்குமோ என்று காத்திருக்கும் சித்திர நிரலுக்கு 960 இடங்களுக்கும் 960 தனித்துண்டுகள் வேண்டும். பண்டாயின் பொறியாளர்கள் கார்ட்ரிட்ஜுக்குள் 32 கிலோபைட் எழுதத்தகு நினைவகத்தை வைத்து, திரையைத் துண்டுகளின் எட்டு வரிசைகள் கொண்ட பட்டைகளாகக் கருதி, படத்தை உருவாக்கும் சில்லு இப்போது எந்தப் பட்டையைப் படிக்கிறது என்பதை உடனுக்குடன் கவனித்து, அப்பட்டைக்கு உரிய 256 துண்டுகளை அக்கணமே மாற்றிக்கொடுக்கும் மின்சுற்று ஒன்றை அமைத்தார்கள். நான்கு பட்டைகளுக்கு நான்கு தொகுதிகள். ஆகவே திரையின் ஒவ்வொரு புள்ளியும் குழந்தையின் வசமாயிற்று. கருவியை ஒரு திருகும் மாற்றாமல், அதன் பிறவி எல்லையைக் கார்ட்ரிட்ஜுக்குள்ளிருந்தே கடந்த இந்த அமைப்பு, பெரியோர் கொண்டாடும் எந்தப் பிரசித்த விளையாட்டின் தொழில்நுட்பத்துக்கும் குறைந்ததன்று. பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தைகளுக்காக இத்தனை அறிவு செலவிடப்பட்டது என்பதை மரியாதையுடன் குறிப்பிட வேண்டும்.

எனினும், அந்த நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் நினைவில் வைத்திருக்கும். கருவியை அணைத்ததும் சித்திரமும் மறையும். வெளிநாடுகளில் விற்ற ஃபாமிகாமின் மறுவடிவத்தில் இதே இணைப்பு முகம் இல்லாமையால், பலகையும் ஜப்பானைக் கடந்து பரவவில்லை.

சுட்டெலியும் பீகோவும்

1992-இல் நிண்டெண்டோ, சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு ‘மரியோ பெயின்ட்’ என்ற நிரலை வெளியிட்டபோது, பலகைக்குப் பதில் சுட்டெலியைத் தேர்ந்துகொண்டது. எழுதுகோலின் இயல்பு சுட்டெலிக்கு இல்லை. ஆனால் இந்த நிரலின் கார்ட்ரிட்ஜில் மின்கலத்தால் காக்கப்படும் நினைவகம் இருந்தமையால், ஒரு சித்திரத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. அசைவூட்டுவதற்கும் இசை கோப்பதற்கும் அதில் வழி இருந்தது. அது அடைந்த பெரும் வெற்றிக்கு இந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

சேகாவோ எதிர்த்திசையில் சென்று, பலகையையே கருவியாக்கியது. 1993-இல் ஜப்பானிலும் மறு ஆண்டில் மேலைநாடுகளிலும் வெளிவந்த பீகோ, அந்நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியின் உள்ளுறுப்புக்களை அடிப்படையாகக் கொண்டது. மூடித் திறக்கும் பெட்டி வடிவினது. இதன் கார்ட்ரிட்ஜுகள் படப்புத்தகங்களாகவே இருந்தன. ஏட்டைப் புரட்டினால் தொலைக்காட்சியில் காட்சி மாறும். ‘மாயப் பேனா’வால் ஏட்டிலுள்ள படத்தையோ கீழேயுள்ள வரைபரப்பையோ தொட்டால் திரை பதில் சொல்லும். மாட்டிக்கழற்றும் உபகரணமாக இல்லாமல் கருவியின் அங்கமாகவே பலகை அமைந்தபோது, எல்லா மென்பொருளும் அதற்கென்றே எழுதப்பட்டன. ஒன்றிரண்டு கார்ட்ரிட்ஜுகளோடு அநாதையாகும் விதி பீகோவைத் தீண்டவில்லை.

இறுதிக் கட்டம்

2004-இல் நிண்டெண்டோ டி.எஸ். கைக்கருவி, தொடுதிரையையும் எழுதுகோலையும் தன்னுள்ளேயே கொண்டு வந்தபின், தனிப்பலகைக்குத் தேவை குன்றியது. எனினும் 2010-இல் டி.எச்.கியூ. நிறுவனம், நிண்டெண்டோ வீ கருவிக்கு ‘யூட்ரா’ பலகையை வெளியிட்டு எதிர்பாராத வெற்றி பெற்றது. அதனால் ஊக்கமுற்று மறு ஆண்டில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கும் அதைச் செய்தபோது, அக்கருவிகளை வாங்கியோர் பெரும்பாலும் வேறு வயதினராயிருந்தமையின், ஏறத்தாழ 14 லட்சம் பலகைகள் விற்காமல் தேங்கின. முன்னரே பொருள் நெருக்கடியில் இருந்த அந்நிறுவனம் 2012 டிசம்பரில் திவால் மனு செய்ததற்கு இந்நஷ்டமும் ஒரு முக்கியக் காரணமாயிற்று.

மதிப்பீடு

சித்திரப் பலகைகளைத் தோல்வியுற்ற சாதனங்களின் பட்டியலில் சேர்த்து ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது, அவ்வழக்கு நியாயமானதன்று. விற்பனை எண்ணிக்கையும் மென்பொருள் எண்ணிக்கையும் வணிகரின் அளவுகோல்கள். திரையும் நினைவகமும் எவ்வகையிலும் ஒத்துழைக்காத நிலையில், ஒரு குழந்தையின் கை இழுத்த கோணற்கோட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி யந்திரத்தைப் பழக்கிய உழைப்பு வேறோர் அளவுகோலை வேண்டி நிற்கிறது. கோலா பெயின்டரின் கோப்பு முறையைக் கொமடோர் 64 ஓவியர்கள் இன்றளவும் கையாளுகிறார்கள். ஒயேகா கிட்ஸ் பலகையின் 18 பிட் மொழியை ஃபாமிகாமைப் போலச்செய்யும் எமுலேட்டர் நிரல்கள் கற்றுக்கொண்டு, சுட்டெலியைக் கோலாக்கி அதன் சித்திரங்களுக்கு மீண்டும் உயிர் தருகின்றன. பழைய கருவிகளைச் சேகரிப்போரும் காப்பகங்களும் கார்ட்ரிட்ஜை மட்டும் பேணிப் பலகையைக் கைவிடுவார்களாயின், அந்நிரல்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதே பின்வரும் தலைமுறைக்கு விளங்காமற்போகும். ஆகையால் பலகை, கோல், கார்ட்ரிட்ஜ் மூன்றையும் பிரிக்காமல் ஒருங்கே காப்பதே இத்துறையில் செய்யத்தக்க பணியாகும்.