பூ இல்லாத செங்கல்பட்டு

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், சிற்பங்களைப் பார்த்த கையோடு சவுக்குத் தோப்புப் பக்கமும் கொஞ்சம் ஒதுங்குங்கள். ஊசி ஊசியாகத் தொங்குகிறதே, அது இலை அல்ல... மெல்லிய கிளை! (நிஜ இலைகள் அதன் கணுக்களில் பொடிப் பற்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.) பைன் மரத்துக்கு உறவு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. சவுக்கு, பூக்கிற ஜாதி. மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிடுவதால் நிறம், வாசனை என்று மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். பனையும் பூப்பதுதான். அதில் ஆண் தனி, பெண் தனி. ஆண் பனைக்குக் கீழே நின்று நுங்குக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்!

ஆனால் பூ என்பதே கண்ணில் படாத ஒரு காலம் இந்தப் பகுதிக்கு இருந்தது. அதற்குச் சாட்சி மாமல்லபுரத்தில் கிடைக்காது. பல்லவர்கள் செதுக்கியது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல். இலை தழையெல்லாம் அதில் தங்காது. நாம் போக வேண்டியது ஸ்ரீபெரும்புதூருக்கு. ராமானுஜர் அவதரித்த அந்த ஊர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம்தான். இன்று கார் தொழிற்சாலைகள் நிற்கிற அந்த வட்டாரத்தில், களிமண் இறுகி உண்டான மென்பாறை அடுக்குகள் உண்டு. பலகை பலகையாகப் பிளந்தால், உள்ளே இலை அச்சுகள்! வயசு சுமார் 12, 13 கோடி வருஷம்.

1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், இந்தப் பாறைகளையும் சுற்றி வந்து ஆராய்ந்தவர். இந்தக் கடற்கரை மாவட்டங்களில் கிடைத்த இலைகளைப் பற்றி, 1879-ல் ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் என்ற பொஹீமியாக்காரர் எழுதி வெளியிட்டார். பெரணி இருக்கிறது. ஊசியிலை மரம் இருக்கிறது. பறவைச் சிறகு போன்ற 'டிலோஃபில்லம்' இலை இருக்கிறது. பூக்கும் தாவரம்? ஒன்றுகூட இல்லை. மா இல்லை, நெல் இல்லை, மல்லிகை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1879 ஜூலையில்தான் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூக்கும் தாவரங்கள் பூமியில் திடுதிப்பென்று பெருகியதை, எரிச்சலூட்டும் மர்மம் என்று அதில் அலுத்துக்கொண்டார்!

சரி, பூ இல்லாமல் செடிகள் எப்படிக் குடும்பம் நடத்தின? பெரணிக்கு விதையே கிடையாது. தூசு மாதிரி வித்துத்தூள்தான். அது முளைத்து, அதில் உருவாகும் ஆணணு ஈரத்தில் நீந்திப்போய்ப் பெண்ணணுவைச் சேர வேண்டும். தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறோமே சைக்கஸ், அதற்கு விதை உண்டு. ஆனால் பழத்துக்குள் பொதியாத, திறந்த விதை. அதன் ஆணணுவும் நீந்துகிறது என்று 1896-ல் ஜப்பானியரான இக்கெனோ கண்டுபிடித்தபோது தாவரவியல் உலகமே அசந்துபோனது. பூக்கும் செடிகள் நீச்சலையே ஒழித்துவிட்டன. மகரந்தம் ஒரு குழாயை நீட்டி, ஆணணுவைச் சூல் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. சூல், மூடிய அறைக்குள் பத்திரம். அந்த அறையே பிறகு பழம்.

டிலோஃபில்லம் கதையை முடிக்க ஓர் இந்தியர் வரவேண்டியிருந்தது. ராஜ்மகால் மலையில் கிடைத்த கல்லாகிப்போன தண்டு, சிறகு இலை, பூ போன்ற உறுப்பு மூன்றும் ஒரே செடியின் அங்கங்கள் என்று 1932-ல் பீர்பால் சாஹ்னி பொருத்திக் காட்டினார். பார்க்கப் பூ மாதிரிதான். ஆனால் விதை திறந்தே கிடந்தது. அந்த வம்சம் கிட்டத்தட்ட டைனோசர்களோடு பூண்டற்றுப்போயிற்று. மல்லிகைக்கு அது பெரியம்மாவா, தூரத்துச் சொந்தமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது.