சுழல்வது கல்லா, குழவியா? கோவைக் கிரைண்டரின் வடிவமைப்பு வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

இந்திய அரசின் அழைப்பில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த 'இந்தியா ரிப்போர்ட்' என்னும் அறிக்கை, லோட்டா எனப்படும் சொம்பினை இந்திய வடிவமைப்பின் சிறந்த சான்றாகக் கொண்டு, அதனைத் தனியொருவர் வடிவமைத்திருக்க இயலாது, பல தலைமுறை மக்களே உருவாக்கினர் என்று முடிவு செய்கிறது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அடிகோலிய இவ்வறிக்கையின் கருத்து சொம்புக்குப் பொருந்தும்; கோவையின் வெட் கிரைண்டருக்கு அதை நீட்டினால் வரலாறு பிழைபடும்.

ஈம்ஸ் தம்பதியரின் நாற்காலிகளை அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் அவர்கள் பெயராலேயே விற்றது. வடிவமைப்பாளருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதை அவர்கள் தம் தொழிலிலேயே கண்டவர்கள். ஆனால் இந்தியப் பொருளை நோக்கியபோது அவ்வுறவைத் தேடவில்லை. அத்தகைய உறவுக்கு இத்தாலியில் ஒரு சான்று உண்டு: கட்டடக் கலைஞர் ஜியோ பொன்டி, லிகூரியாவின் கியாவரி ஊர்த் தச்சர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த இலகுவான நாற்காலியை எடுத்துக்கொண்டு, மேதா ஊரின் கஸ்ஸினா பட்டறையோடு சேர்ந்து மெருகேற்றி, 1957இல் 1.7 கிலோ எடையுள்ள 'சூப்பர்லெஜ்ஜேரா'வாக வெளியிட்டார். மரபு ஊருடையது, அதைத் திருத்திய முடிவு பெயருள்ள ஒருவருடையது. கோவைக்கு ஒப்பு இதுவே.

ஆட்டுக்கல்லில், அதாவது குழியுள்ள உரலில் குழவியைக் கையால் சுழற்றி ஈரமாவு அரைக்கும் கல்லில், உரல் அசையாது, குழவி சுழலும். கிரைண்டரில் இம்முறை தலைகீழாகிறது: கீழிருந்து மோட்டார் உரலைச் சுழற்ற, குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட்டுத் தன்னச்சில் மட்டும் உருள்கிறது. இந்த மாற்றம் படிப்படியாக வந்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் பாதி உரலும் பாதி குழவியுமாகச் சுழலும் இடைநிலை வடிவம் ஒன்று இருக்க முடியாது. மேலிருந்து குழவியைச் சுழற்றினால் தண்டும் மோட்டாரும் பாத்திரத்தின் வாயை மறைத்து, ஓரத்தில் ஒட்டும் மாவைத் தள்ளிவிடவும் அரிசியும் உளுந்தும் இடவும் தடையாகும். இவற்றைக் கண்டுணர்ந்த ஒருவரின் துணிவான முடிவே அது.

1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி முதல் கிரைண்டரைச் செய்தார் என்பது தொழில்வட்டாரத்தில் நிலைத்த செய்தி. உரலைச் சுழற்றும் முடிவும் அவருடையதே என்று கொள்ளலாம். இதற்கு ஆவணச் சான்று மெல்லியது, வலுவாக நிற்பது வடிவத்தின் உட்சான்றே. அதற்கான சூழலும் முன்னரே அமைந்திருந்தது: 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, கோவைத் தொழில்முனைவோரான ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கூட்டாக 1937இல் மோட்டார் உருவாக்கினர். பம்புக்காக வளர்ந்த பவுண்டரிகளும் இருந்தன. வடிவமைப்பவரும் வார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே பட்டறைத் தளத்தில் நின்றதால்தான் கோவையில் பொன்டியைப் போல் தனித்துத் தெரியும் உருவம் எழவில்லை. கவிழ்த்துக் கழுவும் கிரைண்டரும், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட மேசைக் கிரைண்டரும் பின்னர் வந்தன. அவற்றிலும் சுழல்வது பாத்திரமே, 1955இன் முடிவு குலையவில்லை.

2005-06இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. பொருளின் தன்மையை ஊரோடு இணைத்துக் காக்கும் இச்சட்ட உரிமை, காப்புரிமையைப் போல் கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பதில்லை. ஊரின் உழைப்புக்கு அது நியாயமான அங்கீகாரமே. எனினும் பட்டறைக்குள் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு உரியவர் யார் என்ற கேள்வியை, லோட்டாவைப் பற்றிய முடிவைப் போலவே, அதுவும் தொடாமல் விடுகிறது.