சமூகவியல் பட்டமும் சமூகப்பணிப் பட்டமும்

சமூகவியல் என்பது மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் அறிவுத்துறை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அது பி.ஏ., எம்.ஏ. பட்டங்களாக வழங்கப்படுகிறது. சமூகப்பணி என்பது இடரில் உள்ள தனிமனிதருக்கும் குடும்பத்துக்கும் ஊருக்கும் துணைநிற்கப் பயிற்றும் தொழிற்கல்வி, பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. பட்டங்கள் அதற்குரியவை. பெயர் ஒற்றுமையால் பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி விண்ணப்பிப்பதுண்டு. முதலாண்டுப் பாடங்கள் சில பொதுவாக இருப்பதால் அந்த மயக்கம் சிலகாலம் நீடிக்கவும் செய்யும்.

இந்தியாவில் இரண்டும் பம்பாயில் வேரூன்றியவை. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறை தொடங்கியபோது நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடெஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அவருக்குப் பின் ஜி.எஸ். குர்யே துறையை நெடுங்காலம் நடத்தினார், சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் அவருடைய மாணவர். சமூகப்பணிக் கல்வி வேறு வழியில் வந்தது. அதே நகரின் நாக்பாடா பகுதியில் ஏழை மக்களிடையே பணிசெய்துவந்த அமெரிக்கர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று கண்டு, டாடா அறக்கட்டளையின் துணையோடு 1936இல் ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் சமூகசேவகி மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க் உருவானது.

தற்கொலையை எடுத்துக்கொண்டால் இரண்டு துறைகளின் வேறுபாடு துலங்கும். சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவில் கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்டுகளிடையே தற்கொலை விகிதம் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டார். இறந்தவரின் மனவேதனையை அவர் துருவவில்லை. மக்களைப் பிணைக்கும் உறவு எவ்வளவு இறுக்கமானது என்பதில் விடை தேடினார். மருத்துவமனைச் சமூகப்பணியாளருக்கு அந்த விகிதம் உடனடியாகக் கைகொடுக்காது. அவர் எதிரே தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒரு பெண் படுத்திருக்கிறார். தலைமாட்டில் மாமியார் பேசாமல் நிற்கிறார். பெண்ணின் தாயார் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறார். முதலில் யாரிடம் பேசுவது, மாமியாரை மனம் கோணாமல் வெளியே அனுப்புவது எப்படி, வீடு திரும்பினால் பாதுகாப்பு உண்டா, அடுத்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்பவைதான் அவருடைய கேள்விகள்.

சமூகவியலுக்கும் களம் உண்டு. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் சூட்டி, சாதியும் நிலவுடைமையும் அரசியல் அதிகாரமும் எப்படிப் பிரிந்துபோகின்றன என்று எழுதிய நூல் 1965இல் வந்தது. ஊரைப் புரிந்துகொண்டு எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. எம்.எஸ்.டபிள்யூ. மாணவரின் களப்பணி அங்கே முடிவதில்லை. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் அல்லது ஆலைக்குப் போகவேண்டும். இறுதியில் ஒரு மாதத் தொடர் பயிற்சியும் உண்டு. ஒவ்வொரு சந்திப்பையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் காட்டவேண்டும். ‘பயனாளி வீட்டில் டீ கொடுத்தார்கள்’ என்று எழுதிவந்தால், கொடுத்தது யார், அவர் உள்ளே வந்ததும் பேச்சு ஏன் நின்றது என்று கேட்கும் ஆசிரியர் அமைவது பெரும்பேறு.

எந்தப் பட்டம் எந்த வேலைக்கு உதவும் என்பதைப் பல இடங்களில் சட்டமும் விதியுமே தீர்மானிக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ‘மனநலச் சமூகப்பணியாளர்’ என்று கொள்ளப்பட, முதுகலைச் சமூகப்பணிப் பட்டமும் அதன்மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும், எம்.ஏ. சமூகவியல் அங்கே செல்லாது. 500 பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட ஆலைகளில் நலஅலுவலர் இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் ஆலைகளின் மனிதவளப் பிரிவுகளில் நிறைந்ததற்கு அது முக்கியக் காரணம். சேரி மக்களுக்காகப் பிறந்த படிப்பு இப்படி நிர்வாக அலுவலகத்துக்குள் போய்ச் சேர்ந்தது ஒரு விநோதம்தான்.

குடிமைப்பணித் தேர்வில் நிலைமை தலைகீழ். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடங்களின் பட்டியலில் சமூகவியல் இருக்கிறது, சமூகப்பணி இல்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ குழந்தைகள் நலக்குழு உறுப்பினருக்கான தகுதிகளில் இரண்டு பட்டங்களையும் சேர்த்தே சொல்கிறது. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப்பணியாளர் எல்லோருக்குமான சட்டப்பூர்வ அமைப்பு நாட்டில் இல்லை. மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை மட்டும் 2021ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. தொண்டு நிறுவன வேலைகளில் பெரும்பாலானவை திட்ட நிதியை நம்பியவை. நிதி நின்றால் வேலையும் நிற்கும்.

பி.ஏ. சமூகவியலா, பி.எஸ்.டபிள்யூ.வா என்று பிளஸ் டூ முடித்ததும் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் எந்த இளங்கலைப் பட்டதாரியையும் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்க்கின்றன, இளங்கலையில் சமூகப்பணி படித்தவர் எம்.ஏ. சமூகவியலுக்குப் போவதும் உண்டு. துறை மாறிக்கொள்ளும் இந்த வசதி முதுகலைக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிடும். சேருமுன் கல்லூரியில் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்: களப்பணிக்கு எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள், ஒரு ஆசிரியர் எத்தனை மாணவரின் களப்பணியைக் கவனிக்கிறார்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்வதைவிட, நல்ல நூலகம் உள்ள கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் படிப்பது மேல்.